டொலர் தீர்ந்தால் விவசாயி, டொலர் வந்தால் கப்பல்

கேள்வி (2025 ஜனவரி 8)

சங்கக் கடையில் சிவப்பரிசி இல்லை. நாட்டரிசியும் இல்லை. இந்தியாவிலிருந்து கப்பலில் அரிசி வருகிறதாம். எங்கள் வயல்களில் நெல் கதிர் தள்ளி நிற்கிற நேரத்தில் இது நடக்கிறது. சிறிமா காலத்தில் (சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சி, 1970–77) மிளகாயையும் வெங்காயத்தையும் வெளியிலிருந்து வர விடவில்லை. யாழ்ப்பாணத்து விவசாயி கல்வீடு கட்டினான். இப்போதும் இறக்குமதியை அடியோடு நிறுத்தினால் என்ன? ஏன் ஒருவரும் அதைக் கேட்பதில்லை?

ஜனவரி 8, இரவு

நீங்கள் சொல்கிற கல்வீடு ஒன்றில்தான் நான் வளர்ந்தேன். ஐயா செம்பாட்டுத் தோட்டத்தில் மிளகாயும் வெங்காயமும் வைத்து எடுத்த காசில் கட்டியது. அந்தக் காலத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அப்போது கதவை மூடியது எங்கள் மேல் உள்ள அன்பினால் அல்ல. அரசாங்கத்தின் கையில் அந்நியச் செலாவணி இல்லை. 1973இல் எண்ணெய் விலை ஏறியது, அதே காலத்தில் அரிசி, கோதுமை, சீனி எல்லாம் உலகச் சந்தையில் ஏறின. தேயிலை விற்ற காசு அதற்குக் காணவில்லை. வாங்கக் காசில்லாததால் வாங்கவில்லை. அந்த நேரத்தில் மிளகாயும் வெங்காயமும் விளைவிக்கத் தெரிந்தவர்களாக, கிணறும் இறைப்பு மிசினும் வைத்திருந்தவர்களாக நாங்கள் இருந்தோம்.

இந்த நாட்டின் உணவுக் கொள்கையைப் புரிந்துகொள்ள விவசாய அமைச்சைப் பார்த்துப் பயனில்லை, மத்திய வங்கியின் கையிருப்பைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ஜனவரி 10

முதலில் பழைய கதை, சுருக்கமாக.

1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. பங்கீட்டுக் கூப்பன் அப்படித்தான் வந்தது. யுத்தம் முடிந்தும் கூப்பன் போகவில்லை. 1948இல் நெல்லுக்கு உத்தரவாத விலை வந்தது. கொரிய யுத்தத்தில் இறப்பர் விலை ஏறியபோது கையில் காசு இருந்தது, மலிவு விலையில் கூப்பன் அரிசி கொடுக்க முடிந்தது. இறப்பர் விலை இறங்கி, உலக அரிசி விலை ஏறியதும் தலைகீழாகியது. 1952இல் ஆர். ஜி. சேனநாயக்க சீனாவோடு இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தார். அதுவும் போதாமல் 1953இல் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். ஓகஸ்ட் 12 ஹர்த்தால், நாடு தழுவிய கடையடைப்பும் வேலைநிறுத்தமும். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

அதற்குப் பிறகு எந்த நிதியமைச்சரும் அரிசி விலையில் கைவைக்குமுன் அந்த ஓகஸ்ட் மாதத்தை நினைக்காமல் இருந்திருக்க மாட்டார். இன்று கப்பலில் அரிசி வருவதற்கும் அந்தப் பயத்துக்கும் தொடர்பு இருக்கிறது. வரிசையில் நிற்கிறவனின் கோபம் ஒரே நாளில் தெருவுக்கு வந்துவிடும். விலை விழுந்த விவசாயியின் கோபம் அவனுடைய வளவைத் தாண்டுவதற்கே ஒரு போகம் எடுக்கும்.

ஜனவரி 11

"தின்கிறவனும் மனிதன்தானே, விவசாயி மட்டுமா?" என்று கீழே ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. அதைத் தள்ளிவிட்டுப் பேசினால் இந்த விவாதத்துக்கே அர்த்தமில்லை. நானும் அரிசி வாங்கித் தின்கிறவன்தான். எங்கள் நெல் வீட்டுக்கே ஆண்டு முழுக்கக் காணாது. யாழ்ப்பாணத்தில் நெல் பெரும்பாலும் மழையை நம்பிய ஒரு போகம். மிச்ச மாதங்களுக்குக் கிளிநொச்சியும் பொலன்னறுவையும் அனுப்ப வேண்டும். ஆகவே நெல் விலையில் நான் விற்கிறவன், அரிசி விலையில் வாங்குகிறவன். தோட்டக்காரர் அநேகர் நிலைமை இதுதான்.

ஜனவரி 13

சிறிமா காலத்துக்குத் திரும்ப வருகிறேன். முதல் நாள் எழுதியதில் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது.

அந்த ஏழு வருடங்களில் வலிகாமத்துத் தோட்டக்காரர் கையில் காசு புரண்டது உண்மை. விசுவமடு, முத்தையன்கட்டில் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களில் காணி எடுத்துப் போன பிள்ளைகள் மிளகாய் வைத்து, மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வந்தார்கள். எங்கள் சின்ன மாமா அப்படி வந்தவர். லொறி லொறியாகச் செத்தல் மிளகாய் கொழும்புக்குப் போனது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஹெக்டர் கொப்பேகடுவவுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு விழுந்தது என்பதை இப்போதுள்ள பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அவர் 1970 முதல் 1977 வரை விவசாய அமைச்சராக இருந்தவர். மிளகாய், வெங்காய மாலை போட்டு அவரை வரவேற்றார்கள் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவரைப் பாதித்த தரப்படுத்தலைக் கொண்டுவந்த அரசாங்கமும் அதுதான். தமிழர் எதிர்த்த 1972 அரசியலமைப்பும் அதனுடையதுதான். அவ்வளவுக்குப் பிறகும் அந்த வாக்கு விழுந்தது என்றால், தோட்டம் செய்து கையில் காசு பார்த்த ஒருவனுக்கு அந்த ஞாபகம் எவ்வளவு ஆழமானது என்று பாருங்கள்.

மற்றப் பக்கம் மலையகம். 1973, 74இல் அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் கூப்பன் அரிசியும் மாவும் வெட்டப்பட்டன. அங்கே தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு பாத்தி நிலம் கிடையாது. வெட்டிய கூப்பனுக்குப் பதிலாக எதை நட்டு எதைத் தின்பது? பட்டினியால் சனம் செத்தது. 1974இல் தோட்டப்புறங்களின் இறப்பு வீதம் பாய்ந்து ஏறியது பதிவில் இருக்கிறது. அங்கிருந்து தப்பி வன்னிக்கு இறங்கிய குடும்பங்கள்தான் எங்கள் மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்கு நின்றன. சின்ன மாமாவின் காணியிலும் நின்றார்கள். பசியோடு வந்தவர்கள் கொடுத்த கூலியை வாங்கினார்கள். அந்த மிளகாய்க் காசில் அவர்களுடைய பங்கு எவ்வளவு என்று அந்த நாளில் ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை.

அதே கொள்கை, அதே ஆண்டு. ஒருவனுக்குக் கல்வீடு, மற்றவனுக்குச் சாவு. இறக்குமதியை அடியோடு நிறுத்து என்று யாராவது சொல்லும்போது என் மனதில் முதலில் வருவது இதுதான். காணி உள்ளவனுக்கு அது வருமானம். காணி இல்லாதவனுக்கு அது பசி.

ஜனவரி 15

நேற்றுப் பொங்கல். பெரும்பாலான வீடுகளில் கடை அரிசிதான். நவம்பர் வெள்ளத்தில் வயல் மூழ்கியதில் எங்கள் பக்கம் பயிர் மஞ்சள் அடித்துப் பிந்திவிட்டது. மொட்டைக்கறுப்பன் விதைத்தவர்கள் தப்பினார்கள், அது உயர்ந்து வளர்கிற இனம், தண்ணீருக்குத் தாங்கும். விளைச்சல் குறைவென்று கைவிட்ட நெல்லினங்களைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

ஜனவரி 19

"யாழ்ப்பாணத்து விவசாயத்தை அழித்தது யுத்தம், திறந்த பொருளாதாரம் அல்ல" என்று ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். அண்ணை, வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1977 நவம்பரில் இறக்குமதி திறக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து செத்தல் மிளகாயும் வெங்காயமும் வந்தன. 1983 கலவரத்துக்கு முன்னமே மிளகாய்த் தோட்டங்கள் சுருங்கத் தொடங்கிவிட்டன. ஐயா மிளகாயை விட்டுப் புகையிலைக்குப் போனது அந்த இடைவெளியில்தான். யுத்தம் வந்து மிச்சத்தை முடித்தது.

1979இல் கூப்பனை எடுத்துவிட்டு உணவு முத்திரை கொடுத்தார்கள். முத்திரையில் எழுதிய ரூபா அப்படியே நின்றது, பொருள் விலை ஏறியது. சில வருடங்களிலேயே அதன் பெறுமதி பாதியளவுக்குக் கரைந்துபோனது. ஆக விற்கிற தோட்டக்காரனும் நட்டப்பட்டான், வாங்குகிற ஏழையும் நட்டப்பட்டான். அப்படியானால் லாபம் எங்கே போனது? இறக்குமதி செய்தவனிடம் என்று ஒரே சொல்லில் முடிக்க நான் விரும்பவில்லை. நகரத்தில் மாதச் சம்பளம் வாங்கியவர்களுக்கு அது நல்ல காலம். கடைகளில் சாமான் இருந்தது, பாண் வரிசை இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜனவரி 20

"தொண்ணூறுகளில் யுத்தகாலப் பொருளாதாரத் தடை. ஒன்றும் வரவில்லை. நாங்கள் வாழவில்லையா?" என்று கேட்டவருக்கு:

வாழ்ந்தோம். யூரியா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம் இல்லை. ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தோம். கைவிட்ட துலாவை மறுபடியும் கட்டினோம். பனங்காய்க் களியில் உடுப்புத் தோய்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒடியல் மாவும் மரவள்ளிக் கிழங்கும் பல வீடுகளில் ஒரு நேரச் சாப்பாடு. ஆனால் அதை விவசாயத்தின் பொற்காலம் என்று யாரும் சொல்லவில்லை. ஏன்?

எழுபதுகளில் மூடியது ஒரே ஒரு கதவு. இந்திய வெங்காயம் வராது, ஆனால் மண்ணெண்ணெய் மலிவு, உரம் மானியத்தில் கிடைத்தது, யாழ்தேவி ரயில் ஓடியது, லொறி இரவோடு இரவாகக் கொழும்புக்குப் போனது. தொண்ணூறுகளில் எல்லாக் கதவும் மூடின. வெங்காயம் விளைந்தாலும் எங்கே கொண்டுபோய் விற்பது? ஊருக்குள்ளே விற்றால் விலை இல்லை. 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 வீதி மூடியபோதும் இதுதான். போட்டி இல்லை என்பது மட்டும் விவசாயியை வாழ வைக்காது. இடுபொருள் வர வேண்டும், விளைபொருள் போக வேண்டும்.

இறக்குமதித் தடை பற்றிப் பேசுகிற எல்லாரும் இந்த இரண்டு தசாப்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜனவரி 26

இனி 2021. இதைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்னும் மனம் கொதிக்கிறது. ஆறுதலாக எழுதப் பார்க்கிறேன்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை. காரணமாகச் சொன்னது மக்களின் ஆரோக்கியம், நஞ்சில்லாத உணவு. அதில் பொய் என்று தள்ள முடியாத பகுதி எங்கள் ஊரில்தான் இருக்கிறது. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருக்கிறது என்று எண்பதுகளிலிருந்தே சொல்லி வருகிறார்கள். கீழே சுண்ணக்கல், மேலே செம்பாடு. நாங்கள் அள்ளிக் கொட்டிய யூரியா இறைப்புத் தண்ணீரோடு நேரே கீழே போகிறது, அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். உரத்தைக் குறைக்க வேண்டும் என்பதை வேறு யாரையும்விட யாழ்ப்பாணத்தான் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பச்சிலையை மண்ணில் புதைத்து உரமாக்குகிற குழை தாழ்ப்பதும் எங்களுக்குப் புதிதல்ல. பூவரசம் குழை, கிளிசரியாக் குழை, பனையோலை, மாட்டெரு, தோட்டத்தில் ஆட்டுப்பட்டி அடைப்பது, எல்லாம் எங்கள் பேரன்மார் செய்தவை. ஆனால் குழை தாழ்க்கிற மண்ணுக்கு வருடங்கள் வேண்டும். குழைக்கு மரம் வேண்டும், எருவுக்கு மாடு வேண்டும், மாட்டுக்கு மேய்ச்சல் தரை வேண்டும். ஒரு வர்த்தமானியால் மாடு கன்று போடாது.

உண்மையான காரணம் அந்த ஆண்டின் கையிருப்புக் கணக்கில் இருந்தது. 2020இல் சுற்றுலா நின்றது, வெளிநாட்டுக் கடன் தவணை நின்று பயமுறுத்தியது. உர இறக்குமதிக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 26 கோடி டொலர் போய்க்கொண்டிருந்தது. அதை மிச்சம் பிடிக்கப் பார்த்தார்கள்.

மிச்சம் பிடித்தார்களா? சேர்த்துப் பாருங்கள். சீனாவிலிருந்து வந்த சேதன உரக் கப்பலில் கெட்ட பக்டீரியா இருக்கிறதென்று திருப்பி அனுப்பினார்கள், ஆனாலும் 67 லட்சம் டொலர் கட்ட வேண்டி வந்தது. இந்தியாவிலிருந்து நனோ யூரியா என்று திரவம் வந்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் பெரும்போக விதைப்பு முடிந்துவிட்டது. 2022 ஜனவரியில் நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபா நட்டஈடு என்று அறிவித்தார்கள், அன்றைய விலையில் 20 கோடி டொலர். அந்த ஆண்டு ஏழு லட்சம் தொன்னுக்கு மேல் அரிசி இறக்குமதியானது. அரிசியில் தன்னிறைவுக்குக் கிட்ட வந்த நாடு, உரத்தை வாங்காமல் அரிசியை வாங்கியது.

எங்கள் வயலில் அந்தப் போகம் கதிர் விரல் நீளத்துக்கு மேல் வரவில்லை. அறுத்த கூலிக்கும் நெல் காணாமல், பக்கத்து வயல்காரர் மாடு விட்டு மேய்த்தார். தோட்டத்துக்கு முன்பு 1,500 ரூபாவுக்கு எடுத்த 50 கிலோ யூரியா மூட்டை 2022 நடுப்பகுதியில் 40,000 ரூபாவுக்கு வெளியில் விற்றது. இந்தியக் கடனில் வந்த யூரியாவைப் பிறகு கமநல சேவை நிலையத்தில் 10,000 ரூபாவுக்குக் கொடுத்தார்கள், அதற்கும் பெயர் பதிந்து காத்திருந்தோம்.

ஜனவரி 27

மஞ்சளை விட்டுவிட்டீர்கள் என்று ஒருவர் நினைவூட்டினார். 2020இல் மஞ்சள், உழுந்து, பயறு, கௌபி எல்லாவற்றுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு. மஞ்சள் கிலோ ஐயாயிரம் ரூபா வரை போனது. பாக்கு நீரிணையில் படகில் மஞ்சள் வந்தது, பிடிபட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். உழுந்து கிலோ ஆயிரத்தைத் தாண்டியது, தோசைக்கடைகளில் தோசை மெலிந்தது.

ஆனால் இதில் நல்லதும் நடந்தது. வன்னியில் உழுந்து விதைத்தவர்கள் முதன்முறையாகக் கை நிறையக் காசு பார்த்தார்கள். எங்கள் வளவிலேயே வாழைக்கு நடுவில் மஞ்சள் வைத்தோம், இன்றுவரை கடையில் வாங்கவில்லை. ஒரு வருடத்தில் வாங்காமல் சமாளிக்கக்கூடிய பொருள் எது, முடியாத பொருள் எது என்று பிரித்துப் பார்த்துக் கதவை மூடியிருந்தால், நான் அரசாங்கத்தோடு நின்றிருப்பேன். மஞ்சளையும் யூரியாவையும் ஒரே மாதிரிப் பார்த்ததில்தான் எல்லாம் கெட்டது.

பெப்ரவரி 2

மண்ணெண்ணெய் பற்றிச் சிறு குறிப்பு. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபா. கொழும்புப் பத்திரிகைகள் கடற்றொழிலாளர் பாதிப்பை எழுதின, அது சரி. வெங்காயத் தோட்டக்காரரை ஒருவரும் எழுதவில்லை. வெங்காயத்துக்கு நாளிடை விட்டு இறைக்க வேண்டும், எங்கள் மிசின்கள் மண்ணெண்ணெய் மிசின்கள். மின்சார மோட்டாருக்கு மாறலாம் என்றால் அதே மாதம் மின்கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியது, அடுத்த பெப்ரவரியில் மறுபடி 66 வீதம்.

2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அப்படி விலை ஏறியபோது தோட்டக்காரன் பணக்காரனாகியிருப்பான் என்று கொழும்பில் இருக்கிற என் மருமகன் நினைத்தான். இறைப்புச் செலவைக் காட்டிய பிறகுதான் அடங்கினான்.

அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னதும் அதே 2022இன் ஜூன் மாதம்தான். எங்கள் ஊரில் சில உத்தியோகத்தர்கள் உண்மையாகவே கத்தரி, வெண்டி வைத்தார்கள். வைத்ததைச் சின்னதென்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு நாட்டின் சோறு அதில் வராது.

பெப்ரவரி 7

இந்த வாரம் உத்தரவாத விலை அறிவித்துவிட்டார்கள். நாடு நெல் (நாட்டரிசி வருகிற நெல்) கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. டிசம்பரில் நாட்டரிசிக்கு உச்ச விலை 230 என்று வைத்தார்கள், இறக்குமதி அரிசிக்குக் கிலோவுக்கு 65 ரூபா வரி. நெல்லுக்குக் கீழ்விலை, அரிசிக்கு மேல்விலை, நடுவில் அரிசி ஆலை.

120 காணுமா என்று கேட்கிறார்கள். நல்ல விளைச்சல் எடுத்தவனுக்குக் காணும். வெள்ளத்தில் பாதி போனவனுக்குக் காணாது. ஆனால் என் மனவருத்தம் விலையில் இல்லை, அறிவித்த நேரத்தில் இருக்கிறது. கிழக்கில் அறுவடை தொடங்கி வாரங்கள் ஆகிவிட்டன. கடன்பட்டவன் வரம்பிலேயே நெல்லை விற்றுவிட்டான். இந்த விலையை ஐப்பசியில், விதைக்குமுன் சொல்லியிருந்தால் எத்தனை பரப்பு (எங்கள் நில அளவு) விதைப்பது, எவ்வளவு கடன் எடுப்பது என்று கணக்குப் போட்டிருக்கலாம்.

அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபை நெல் வாங்குவதற்கு ஈரப்பதன் 14 வீதத்துக்குள் இருக்க வேண்டும். மிசினால் வெட்டிய நெல் அப்படி இருக்காது. தாரோட்டில் பரப்பிக் காயவிடத்தான் வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவன் வியாபாரியிடம் பச்சை நெல்லாகக் கொடுக்கிறான். உத்தரவாத விலை என்பது காயவிட இடம் உள்ளவனுக்குத்தான்.

பெப்ரவரி 12

நேற்றுத் தைப்பூசம், வயலில் முதல் கதிர் அறுத்துப் புதிர் எடுத்தோம். பிந்தியாவது கொஞ்ச நெல் வந்தது.

பெப்ரவரி 23

"எல்லாவற்றுக்கும் கொழும்பைக் குறை சொல்கிறீர்கள். எங்கள் சந்தையில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு வெட்டுவதும் கொழும்பா?" என்று ஒரு தோட்டக்காரத் தம்பி எழுதியிருந்தார். நூற்றுக்கு நூறு சரி. விடியப்புறம் கொண்டுபோய் இறக்குகிற மரக்கறியில் பத்தில் ஒன்றைத் தராசிலேயே கழிக்கிறார்கள். காயோடு மண் இருக்கும், பழுது இருக்கும் என்று தொடங்கிய வழக்கம், கழுவித் துடைத்துக் கொண்டுபோனாலும் அதே கழிவுதான். நிறுத்தச் சொல்லி எத்தனையோ கூட்டங்கள் நடந்துவிட்டன. ஒரு சந்தையில் நான் மறுத்துப் பேசியதற்கு அடுத்த கிழமை என் கத்தரியை எடுக்க ஆளில்லை.

இதற்கு டொலர் தேவையில்லை, இறக்குமதி வரி தேவையில்லை, நாங்களே மாற்றலாம். மாற்றவில்லை. தேசியக் கொள்கையைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகு இதைச் சொல்லாமல் விடுவது நேர்மை இல்லை.

மார்ச் 2

"அப்போ நீங்கள் என்னதான் கேட்கிறீர்கள்? மூடவா, திறக்கவா?"

இரண்டும் இல்லை. விசேட பண்ட வரி என்று ஒன்று இருக்கிறது. வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய் எல்லாவற்றுக்கும் அதுதான் கதவு. நள்ளிரவில் வர்த்தமானி வந்து கூடும், குறையும். சிறுபோக வெங்காயம் கிண்டுகிற நேரம் வரி குறைந்தால் தோட்டக்காரன் செத்தான். பண்டிகை நேரம் வரி கூடினால் வாங்குகிறவன் செத்தான். நான் கேட்பது ஒரு நாட்காட்டி. எந்த மாதத்தில் எவ்வளவு வரி என்பது நடுகைக்கு மூன்று மாதம் முன்னம் தெரிய வேண்டும், இடையில் மாற்றினால் பாராளுமன்றத்தில் காரணம் சொல்ல வேண்டும்.

அடுத்தது, வெளியே இருப்பவனும் கதவை மூடுவான். 2023 டிசம்பரில் இந்தியா பெரிய வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே விலை எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்கும் தேர்தல், அவர்களுக்கும் வெங்காய விலைப் பயம். ஆகவே "தேவையென்றால் வாங்கிக்கொள்ளலாம்" என்பதும் முழு உண்மை இல்லை. கொஞ்சமாவது இங்கே விளைய வேண்டும், அதற்கு விதை வெங்காயமும் விளைவிக்கத் தெரிந்தவனும் மிஞ்ச வேண்டும். ஒரு போகம் நட்டப்பட்ட பிள்ளை வெளிநாட்டுக்குப் போனால் அடுத்த போகம் திரும்பி வரமாட்டான்.

மூன்றாவது, காணியில்லாதவர்கள். விலையை விவசாயிக்காகத் தாங்குவதென்றால், வாங்க முடியாதவனுக்கு அந்த வித்தியாசத்தைக் கொடுக்க வேண்டும், விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிற மாதிரி. 1979 முத்திரை போல ரூபாவில் உறைந்துபோகக் கூடாது. இது இல்லாமல் வரியைக் கூட்டச் சொல்லிக் கேட்க எனக்கு மனம் வராது. 1974 மலையகத்தை அறிந்த யாருக்கும் வராது.

மார்ச் 16

நேற்றுக் காலை எட்டு மணியிலிருந்து ஐந்து நிமிடம் நாடு முழுக்கக் குரங்கு, மர அணில், மயில் எண்ணினார்கள். எங்கள் வளவில் மயில் மட்டும். தென்மராட்சிப் பக்கம் குரங்கு கூடிவிட்டது, தேங்காய் இருநூறைத் தாண்டி விற்கிற நேரத்தில் குரும்பையைப் பிடுங்கி எறிகிறதாம். எண்ணுவது நல்லதுதான். ஐந்து நிமிடத்தில் என்ன தெரியும் என்று கேட்டுச் சிரித்த பக்கத்து வீட்டு ஆச்சி, படிவத்தை மட்டும் கவனமாக நிரப்பிக் கொடுத்தார்.

ஏப்ரல் 6

இந்த இழையை முடித்துவிடலாம் என்று இருந்தேன். 2ஆம் திகதி அமெரிக்கா எங்கள் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்தது. எங்கள் ஆடைகளை மிகக் கூடுதலாக வாங்குகிற நாடு அது. கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைக்கு எங்கள் ஒழுங்கையிலிருந்து போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் வீடுகளில் இரண்டு நாளாக இதுதான் கதை.

இன்று காலை ஒரு தோட்டக்கார அண்ணை வேலியோடு நின்று கேட்டார்: "ஆடை போகாவிட்டால் டொலர் குறையும். டொலர் குறைந்தால் இந்திய வெங்காயத்தை நிறுத்துவார்கள். அப்போ நாலு பரப்புக் கூட வைக்கலாமோ?" அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவர். இந்த நாட்டின் உணவுக் கொள்கை எப்படி ஓடுகிறதென்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

வரியை அவர்கள் பேச்சுவார்த்தையில் குறைக்கவும் கூடும், அதை நம்பி வைக்க வேண்டாம் என்றேன். விதை வெங்காயம் கிலோ போகிற விலைக்கு நாலு பரப்பு என்பது நகை அடகு வைக்கிற கணக்கு. இரண்டு பரப்பு வைத்து, மிச்சத்தில் உழுந்து போடச் சொன்னேன். உங்களில் புத்தூர், அச்சுவேலிப் பக்கம் தோட்டம் செய்கிறவர்கள் இந்த முறை எவ்வளவு வைக்கப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். அவருக்குச் சொல்ல வேண்டும்.